அந்த 30 சதவீதம்

என் கையில் ஒரு வினையூக்கி செத்துப்போனது, ஆராய்ச்சியில் சேர்ந்த இரண்டாம் வருடம். ஜியோலைட் என்ற பொருளின் தூள் அது. தூளாக இருந்தவரை அதில் ஒரு குறையும் இல்லை. டொலுயீன் ஆவியை ஹைட்ரஜனோடு சேர்த்து மேலே விட்டால் கீழே பென்சீனும் சைலீனும் வரும். நாட்கணக்கில் ஓட்டியும் சோர்வு தெரியவில்லை. அதே தூளை, எடையில் 70-க்கு 30 என்ற கணக்கில் சிலிக்காவோடு பிசைந்து, குச்சி குச்சியாகப் பிழிந்து, காயவைத்து, உலையில் சுட்டு, மறுபடியும் ரியாக்டரில் நிரப்பினேன். அன்று இரவு, கலவையில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃப் தாளில் டொலுயீனின் பீக் மட்டும் ஒற்றைப் பனைபோல் நின்றது. பென்சீன் வர வேண்டிய இடத்திலும் சைலீன் வர வேண்டிய இடத்திலும் சின்னச் சின்ன மேடுகள்தான்.

சிலிக்கா சும்மா கிடக்கும் பொருள், அது சேர்ந்ததால் ஜியோலைட் நீர்த்துப்போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் டொலுயீனை அளந்து விட்டதே ஜியோலைட்டின் எடைக்குத்தான், மொத்த எடைக்கு அல்ல. நீர்த்துப்போனதற்கு அந்தக் கணக்கிலேயே ஈடு கட்டியாயிற்று. அப்படியும் டொலுயீன் மாறிய அளவு பழையதில் பாதிகூட இல்லை.

அந்த 30 சதவீதத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருக்கிறேன். ஜியோலைட்டைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதைக் கட்டிப்பிடித்து நிறுத்தும் பைண்டரைப் பற்றி, பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளில் ஒரே ஒரு வரி இருக்கும். பலவற்றில் அதுவும் இருக்காது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1756-இல் சுவீடனைச் சேர்ந்த கனிமவியலாளர் க்ரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது நீராவி விட்டு நுரைத்தது. கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும்படி ஜியோலைட் என்று பெயர் வைத்தார். உள்ளே சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜன் வழியாகக் கைகோத்து நிற்கின்றன. அதனால் அந்தக் கல் முழுக்கத் துளைகள், ஒழுங்கான, ஒரே அளவுள்ள துளைகள். சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் உட்கார்ந்தால் அங்கே ஒரு எதிர்மின்னூட்டம் மிஞ்சும். அதை ஈடுகட்ட ஒரு புரோட்டான் வந்து ஒட்டினால் அதுவே அமிலத் தளம். வேலை நடப்பது அந்தத் தளத்தில்தான். ஒட்டியது புரோட்டானாக இல்லாமல் சோடியமாக இருந்தால் அங்கே வேலை நடக்காது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

நான் வேலை பார்த்தது இசட்.எஸ்.எம்-5 என்ற ஜியோலைட்டில். மொபில் நிறுவனத்தின் ஆர்காவரும் லாண்டோல்ட்டும் 1972-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன் குழாய்கள் சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம் அகலம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. இரண்டு டொலுயீன் அந்தக் குழாய்க்குள் சந்தித்தால் ஒன்று தன்மேல் ஒட்டியிருக்கும் மீத்தைல் என்ற சிறு துண்டை இன்னொன்றிடம் கொடுத்துவிட்டுப் பென்சீன் ஆகும். வாங்கியது சைலீன் ஆகும். சைலீனில் மூன்று வகை. இரண்டு மீத்தைலும் அடுத்தடுத்து இருந்தால் ஆர்த்தோ, ஒன்று தள்ளி இருந்தால் மெட்டா, எதிரெதிரே இருந்தால் பாரா. பாரா ஒல்லியானது, நேராக நழுவி வெளியேறிவிடும். மற்ற இரண்டும் அகலம், குழாயில் முட்டி முட்டி நகரும். பாரா அவற்றைவிட ஆயிரம் மடங்கு வேகமாகப் பரவும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் பாடம்.

உலகத்துக்கு வேண்டியதும் அந்தப் பாராதான். பாலியஸ்டர் சேலைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் மூலம் அது. இயற்கையின் சமநிலைக்கு விட்டுவிட்டால் சைலீன் கலவையில் பாரா 24 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், பாதிக்கு மேல் மெட்டா. நல்ல வினையூக்கியால் அதை 80 சதவீதத்துக்கும் மேலே கொண்டுபோக முடியும்.

அப்படியானால் ஜியோலைட் தூளை அப்படியே ரியாக்டரில் கொட்டினால் என்ன? கொட்ட முடியாது. தூளின் துகள் சில மைக்ரான்தான். மெதுவான ஓட்டத்தில் அழுத்த இழப்பு, துகள் அளவின் இருமடிக்குத் தலைகீழாக ஏறும். 1.6 மில்லிமீட்டர் குச்சிக்குப் பதிலாக 5 மைக்ரான் தூளை நிரப்பினால் அழுத்த இழப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. எந்த கம்ப்ரசரும் அதைத் தள்ளாது. ஆகவே தூள் குச்சியாகவோ உருண்டையாகவோ ஆக வேண்டும். பல மீட்டர் உயரப் படுகையின் எடை மேலே உட்கார்ந்தாலும் நொறுங்கக் கூடாது. ஜியோலைட் தானாக ஒட்டாது. ஒட்டவைக்க ஒன்று வேண்டும்.

அரிசி மாவில் முறுக்குப் பிழிந்தவர்களுக்கு இது தெரியும். வெறும் அரிசி மாவு அச்சிலிருந்து வரும்போதே துண்டு துண்டாக உதிரும். உளுந்து மாவு சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் உளுந்து பிடித்துக்கொள்வதோடு நிற்பதில்லை. முறுக்கின் வாசம் மாறும், கடிக்கும்போது கேட்கும் சத்தம் மாறும், எண்ணெய் குடிக்கும் அளவு மாறும். உளுந்தை யாரும் 'மந்தப் பொருள்' என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் துறையில் பைண்டரை அப்படித்தான் சொல்லிவந்தோம்.

மாவைக் குச்சியாகப் பிழியும் எங்கள் எக்ஸ்ட்ரூடரைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியன் அண்ணன், இருபது வருடமாக மாவு பிசைந்த கை. அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு பைண்டர் என்றால் சூடோபோமைட் என்ற அலுமினியச் சேர்மத் தூளில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் தெளித்துப் பிசைவார். அமிலம் பட்டதும் அந்தத் தூளின் நுண்துகள்கள் பிரிந்து பசையாகும், ஜியோலைட் துகள்களுக்கு இடையே புகுந்துகொள்ளும். பிறகு உலையில் 500 டிகிரியை ஒட்டிப் போகும்போது தண்ணீரை விட்டுவிட்டு காமா அலுமினாவாக இறுகும். தண்ணீர் ஒரு சொட்டு கூடினால் குச்சி தொய்யும், ஒரு சொட்டு குறைந்தால் பிழியும் அச்சில் அடைக்கும். அவர் மீட்டர் எதையும் பார்க்க மாட்டார். ஒரு சிட்டிகை எடுத்து விரலால் உருட்டி, நடுவில் அழுத்திப் பார்த்து, "பதம் வந்துருச்சு" என்பார். அந்தப் பதத்தை அளக்கக் கருவிகள் இருக்கின்றன. அவர் விரல் சொன்னதைக் கருவி மறுத்து நான் பார்த்ததில்லை.

சிலிக்காவோடு அவருக்கு ஒத்துவராது. "இது பிடிமானம் இல்லாத சரக்கும்மா" என்பார். உண்மைதான். அலுமினாவைப்போல் சிலிக்கா எளிதில் கட்டாது, குச்சியின் வலிமையும் குறைவாகவே வரும். இருந்தும் நான் சிலிக்காதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கூழ்மச் சிலிக்கா, அதாவது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய சிலிக்கா கரைசல், ஒரு கேனில் இருந்தது. அதைத்தான் கலந்தோம்.

வினையூக்கி செத்த மறுநாள் காலையில் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏம்மா, அந்தக் கேன்ல ஒட்டியிருக்கிற சீட்டைப் படிச்சுப் பாத்தியா?"

படித்தேன். சிலிக்கா 40 சதவீதம். அடுத்த வரியில் சோடியம் ஆக்சைடு, சுமார் 0.4 சதவீதம். கூழ்மச் சிலிக்கா கட்டிதட்டாமல் இருக்க அதைக் காரத்தன்மையில் வைத்திருப்பார்கள். அதற்குப் பெரும்பாலும் சோடியம், சில வகைகளில் அமோனியா. எங்கள் கேனில் சோடியம்.

0.4 சதவீதம் என்றால் தூசு மாதிரித்தான் தோன்றும். நோட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 100 கிராம் வினையூக்கிக்கு 30 கிராம் சிலிக்கா வேண்டும், அதற்கு 75 கிராம் கரைசல். அதில் 0.3 கிராம் சோடியம் ஆக்சைடு, அதாவது அணுக்களை எண்ணும் மில்லிமோல் என்ற அலகில் சுமார் 10 மில்லிமோல் சோடியம். மறுபக்கம் ஜியோலைட் 70 கிராம். என் ஜியோலைட்டில் 80 சிலிக்கானுக்கு ஓர் அலுமினியம். ஒரு கிராமில் அமிலத் தளம் 0.2 மில்லிமோல், 70 கிராமில் 14. பதினான்கு இருக்கைக்குப் பத்து பேர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஈர மாவாக இருந்தபோதே அது நடந்திருக்கும். தண்ணீரில் மிதக்கும் சோடியம், ஜியோலைட்டின் குழாய்க்குள் போய்ப் புரோட்டானை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உலையில் போட்டபோது மிச்சம் மீதியும் நகர்ந்திருக்கும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. பரப்பளவும் பெரிதாக மாறாது. எல்லாச் சோதனையிலும் ஆரோக்கியமாகத் தெரிந்த பொருள், வேலைக்கு மட்டும் வரவில்லை.

அது மீண்டது. குச்சிகளை அமோனியம் நைட்ரேட் கரைசலில் 80 டிகிரியில் வைத்து, வடித்து, புதுக் கரைசல் ஊற்றி, மூன்று தடவை செய்தேன். அமோனியம் உள்ளே போய்ச் சோடியத்தை வெளியே தள்ளியது. மறுபடி உலையில் சுட்டபோது அமோனியா பறந்துபோக, புரோட்டான் மட்டும் நின்றது. ஓட்டிப் பார்த்தேன். பனைமரம் குட்டையானது, இரண்டு பக்கமும் பீக் எழுந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

களிமண் பைண்டரிலும் இதே கதைதான். பெண்டோனைட் வகைகளில் சோடியமும் கால்சியமும் தாராளமாக இருக்கும். மலிவானது, நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதில் உள்ள அயனிகள் ஜியோலைட்டோடு பண்டமாற்று செய்யும். கயோலினில் அந்தத் தொல்லை குறைவு, பிடிமானமும் குறைவு. களிமண்ணைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது.

சரி, அலுமினாவே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். சோடியத் தொல்லை இல்லை, வலிமை உண்டு, அண்ணனின் கைக்குப் பழக்கம். நான் தயங்கியதற்குக் காரணம், மொபில் ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட முடிவுகள். அலுமினியம் மிகமிகக் குறைவாக உள்ள இசட்.எஸ்.எம்-5-ஐ எடுத்தார்கள். அமிலத் தளம் அதில் பேருக்குத்தான் இருக்கும். அதை அலுமினாவோடு கட்டி, தண்ணீரும் வெப்பமும் சேர்ந்து படும்படி வைத்தார்கள். வினைத்திறன் ஏறிவிட்டது. பைண்டரில் இருந்த அலுமினியம் நீராவியின் துணையோடு நகர்ந்து, ஜியோலைட்டின் கட்டமைப்புக்குள்ளேயே புகுந்து, புதிய அமிலத் தளங்களாகிவிட்டது.

இதை முதல் தடவை படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிலிக்கான்-அலுமினியம் விகிதம் இவ்வளவு என்று சீட்டில் எழுதி வைக்கிறோம். அந்த எண்ணை வைத்து வரைபடம் போடுகிறோம், கோட்பாடு பேசுகிறோம். அலுமினாவோடு கட்டி நீராவி பட்ட பிறகு ரியாக்டருக்குள் இருப்பது அந்த எண் அல்ல. பைண்டர் தன் சொத்தில் ஒரு பங்கை எழுதிக் கொடுத்துவிட்டது.

பொது வேலைக்கு இது வரமாகக்கூட இருக்கும், தளம் கூடினால் யாருக்கு வருத்தம்? பாராவைத் தேடுகிறவருக்கு அப்படி இல்லை. ஜியோலைட் படிகத்தின் குழாய்க்குள் உருவான பாரா-சைலீன் வெளியே வந்துவிட்டது என்று வையுங்கள். படிகத்தின் வெளித்தோலில் ஓர் அமிலத் தளம் இருந்தால் அது அந்தப் பாராவைப் பிடித்து மெட்டாவாகவும் ஆர்த்தோவாகவும் மாற்றிவிடும். வெளியே குழாய்ச் சுவர் கிடையாது, அங்கே ஒல்லியும் குண்டும் ஒன்றுதான். கலவை 24-ஐ நோக்கி இறங்கும். அதனால்தான் பாராவைக் குறிவைக்கும் வினையூக்கிகளில் வெளித்தோலை மூடுவதற்கே பெரும்பாடு படுகிறார்கள். சிலிக்கான் சேர்மங்களைப் பூசிச் சுட்டு மெல்லிய சிலிக்காப் படலம் போர்த்துகிறார்கள். அல்லது வேலை தொடங்கும் முன்பே வேண்டுமென்றே கரியைப் படியவைத்து வெளித்தளங்களை அடைக்கிறார்கள். இவ்வளவு செலவழித்து வெளியே தளமே இல்லாமல் செய்துவிட்டு, பக்கத்திலேயே அலுமினியத்தை அள்ளித் தரும் பொருளால் கட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. காமா அலுமினாவின் சொந்த அமிலம் சைலீனைப் பெரிதாகத் தொடாது. நான் பயந்தது அதிலிருந்து நகரக்கூடிய அலுமினியத்துக்கு. என் சிலிக்காப் பிடிவாதத்தின் காரணம் இதுதான். பாரா-தேர்வை, அதாவது மற்ற இரண்டையும் விட்டுப் பாராவையே தருவதைக் குறிவைக்கும் காப்புரிமைகளில் சிலிக்கா பைண்டர் திரும்பத் திரும்பத் தென்படுவதைப் பார்க்கும்போது அந்தப் பயம் எனக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிகிறது.

வேலை நடக்கும்போது வினையூக்கியில் தானாகவே கரி படியும். அந்த விஷயத்தில் பைண்டர் இரண்டு பக்கமும் நிற்கும். அதன் அகலமான துளைகள் கனத்த மூலக்கூறுகளை வாங்கி வைத்துக்கொண்டு ஜியோலைட்டின் வாயை அடைபடாமல் காத்த ஆய்வுகளும் இருக்கின்றன, பைண்டரின் அமிலமே கரியை வளர்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. எந்த ஜியோலைட், என்ன வெப்பநிலை, ஹைட்ரஜன் உண்டா என்று கேட்காமல் இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பைண்டரைக் குச்சிக்குள்ளேயே கண்ணால் பார்க்கும் வழியும் வந்துவிட்டது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வெக்ஹூய்சன் குழுவினர் 2014, 2015 வாக்கில் தையோபீன் வகை மூலக்கூறுகளைச் சாயம்போல் பயன்படுத்தினார்கள். அமிலத் தளத்தில் பட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து நிறம் கொடுக்கும். குச்சியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எங்கே தளம் இருக்கிறது, எங்கே இல்லை என்று நிறமே சொல்லிவிடும். சிலிக்காவில் கட்டியதும் அலுமினாவில் கட்டியதும் ஒரே ஜியோலைட்டாக இருந்தாலும் நடத்தையில் வேறுபட்டன. எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தபோது, நோட்டின் பின்பக்கம் போட்ட கணக்குக்கு யாரோ வண்ணம் தீட்டிக் காட்டியதுபோல் இருந்தது.

அதைவிட என்னை அசைத்தது 2015-இல் உட்ரெக்டும் பெல்ஜியத்தின் லூவனும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு. பிளாட்டினமும் அமிலமும் சேர்ந்து வேலை செய்யும் வினையூக்கிகளில், இரண்டும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்பது பல பத்தாண்டுகளாக நிலைத்துவிட்ட நம்பிக்கை. அவர்கள் ஜியோலைட்-ஒய் என்ற வேறொரு வகையையும் அலுமினா பைண்டரையும் கலந்து, பிளாட்டினத்தை ஒரு தொகுப்பில் ஜியோலைட்டுக்குள்ளும் இன்னொன்றில் பைண்டர் மேலும் வைத்தார்கள். நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலியை உடைக்காமல் உருமாற்றும் வேலையில், பிளாட்டினம் பைண்டரில் இருந்ததுதான் மேலாக வந்தது. அது டொலுயீன், சைலீன் போன்ற வளைய மூலக்கூறுகளின் வினை அல்ல, நேர்ச்சங்கிலி வினை. ஆனால் ஒரு வகைச் சைலீனை இன்னொரு வகையாக மாற்றும் சைலீன் உருமாற்ற ஆலைகளிலும் பிளாட்டினமும் ஜியோலைட்டும் பைண்டரும் ஒரே குச்சியில்தான் குடியிருக்கின்றன. உலோகம் எந்தச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது. பைண்டர் அங்கே வேலை செய்யும் இடமாகவே ஆகிவிடுகிறது.

நம் நாட்டில் சைலீன் வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பால் ரத்னசாமியின் குழு உருவாக்கிய ஜியோலைட் வினையூக்கி, வடோதராவில் ஐ.பி.சி.எல். என்ற பெட்ரோ-ரசாயன நிறுவன ஆலையின் சைலீன் உருமாற்றத்தில் 1985-இல் இறங்கியது. ரத்னசாமி சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். அந்த முயற்சியில் மூன்றாவது கூட்டாளி சிமெண்ட் நிறுவனமான ஏ.சி.சி. சிமெண்டுக்கும் ஜியோலைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மாணவர்கள் கேட்பார்கள். தூளைப் பிடித்து, டன் கணக்கில், ஒவ்வொரு பேட்சும் ஒரே மாதிரி, நொறுங்காமல் வார்த்துத் தருவது ஆய்வகத்தின் கைவேலை அல்ல, தொழிற்சாலையின் கைவேலை. அந்தக் கைவேலை பற்றிய விவரம் கட்டுரைகளில் வருவதில்லை. அது காப்புரிமையின் சுற்றிவளைத்த வாக்கியங்களிலும், தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களின் நினைவிலும்தான் இருக்கிறது.

இதில் எனக்கு உண்மையான மனத்தாங்கல் உண்டு. பல்கலைக்கழக ஆய்வுகளில் தூளை அப்படியே அழுத்தி வில்லையாக்கி, உடைத்து, சலித்து, அரை மில்லிமீட்டர் குருணையாக ரியாக்டரில் போடுவோம். பைண்டர் கிடையாது. முடிவு சுத்தமாக வரும், கட்டுரை வெளியாகும். அந்த ஜியோலைட்டை யாராவது ஆலைக்குக் கொண்டுபோக நினைத்தால் அன்றுதான் உண்மையான சோதனை தொடங்கும். சோடியம், நகரும் அலுமினியம், அடைபடும் துளைவாய் எல்லாம் அன்றைக்குத்தான் எதிரே வரும். மூன்று வருடம் செதுக்கிய பாரா-தேர்வு ஒரு வார மாவுப் பிசைதலில் போய்விடும். இப்போது என்னிடம் வரும் மாணவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு தடவையாவது தங்கள் ஜியோலைட்டைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பைண்டரை மட்டும் தனியாக, ஜியோலைட் இல்லாமல், அதே வெப்பநிலையில் ஒரு நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். கட்டிய பிறகு சோடியத்தையும் அமிலத் தளத்தையும் மறுபடி அளக்க வேண்டும். சிலர் முணுமுணுக்கிறார்கள், நேரம் போகிறது என்கிறார்கள். போகட்டும்.

அண்ணன் ஓய்வு பெற்ற அன்று அவருடைய பேட்ச் நோட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அழுக்கேறிய நீள நோட்டுகள், நான்கு. நாங்கள் எல்லோரும் குறிப்பு எழுதும்போது ஜியோலைட்டின் பெயரில்தான் தொடங்குவோம். அவர் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியும் பைண்டர்: எந்தப் பெட்டி, யார் சரக்கு, என்றைக்குத் திறந்தது, தண்ணீர் எவ்வளவு குடித்தது. ஜியோலைட் இரண்டாவது வரியில் இருக்கிறது.